விடியூ முதலாண்டு: 38 மார்க் எடுத்தும் எஃப், 24 எடுத்தும் எக்ஸ். மூன்றாம் செமஸ்டர் போக முடியுமா?

அல்சூர்_அக்கா எழுதியது:

வணக்கம். தம்பி பெங்களூரில் விடியூவின் (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கீழ் வரும் ஒரு கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், 2022 ஸ்கீம் (பாடத்திட்டம்). இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் நேற்று வந்தது. தேறாதவை மட்டும் கீழே:

கணிதம் 1 (முதல் செமஸ்டரில் போனது, இப்போது மறுபடி எழுதினான்): இன்டர்னல் 20, எக்ஸ்டர்னல் 18, மொத்தம் 38, எஃப்
பளகே கன்னடா (கன்னடம் தெரியாதவர்களுக்கான கன்னடப் பாடம், இதுவும் மறுபடி எழுதியது): இன்டர்னல் 31, எக்ஸ்டர்னல் 16, எஃப்
கணிதம் 2: இன்டர்னல் 24, எக்ஸ்டர்னல் 14, எஃப்
கெமிஸ்ட்ரி: இன்டர்னல் 24, எக்ஸ்டர்னல் எழுதவே விடவில்லை, எக்ஸ்

இன்டர்னலுக்கு 20, எக்ஸ்டர்னலுக்கு 18 இருந்தால் பாஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணிதம் 1இல் இரண்டும் இருக்கிறதே, பிறகு ஏன் எஃப்? கெமிஸ்ட்ரியில் 24 இருந்தும் ஏன் எழுத விடவில்லை? நான்கு எஃப் வரை இருந்தால் அடுத்த வருடம் போகலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். எக்ஸும் அந்தக் கணக்கில் வருமா? ரீவேல்யூவேஷன் எதற்குப் போடலாம்? வீட்டில் அப்பா "பேசாமல் பிசிஏவில் சேர்த்துவிடலாம்" என்று ஆரம்பித்துவிட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாதி_மார்க் எழுதியது:

ரிசல்ட்டில் தவறு இல்லை. மூன்று கதவுகள் இருக்கின்றன, மூன்றையும் தாண்ட வேண்டும். இன்டர்னலில் 50க்கு 20. எக்ஸ்டர்னலில் 50க்கு 18. இரண்டையும் கூட்டினால் 100க்கு 40. மூன்றாவதைத்தான் பையன்கள் மறந்துவிடுகிறார்கள். 20ம் 18ம் சேர்ந்தால் 38தானே. இன்டர்னலில் 22 இருப்பவனுக்குத்தான் எக்ஸ்டர்னல் 18 போதும். 20 வைத்திருப்பவன் எக்ஸ்டர்னலிலும் 20 எடுத்தாக வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். எக்ஸ்டர்னல் தாள் 100 மார்க்குக்கு நடக்கும், பிறகு 50க்குச் சுருக்குவார்கள். பாதி வந்தால் மேலே ஏற்றுவார்கள். 35 எடுத்தால் 17.5, அது 18 ஆகும். ஆக 18 வாங்கிய உங்கள் தம்பி தாளில் எடுத்தது 35 அல்லது 36. அவனுக்குத் தேவை 20, அதாவது தாளில் 39. மூன்று நான்கு மார்க்தான் குறை. இதே கணக்கில் கணிதம் 2இன் 14 என்பது தாளில் 27 அல்லது 28. அதில் இன்டர்னல் 24 இருப்பதால் தாளில் 35 வந்தால் போதும், ஆனால் ஏழெட்டு மார்க் ஏற வேண்டும்.

ரீவேல்யூவேஷன் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கணிதம் 1க்குப் போடலாம். ஆனால் நேரே பணத்தைக் கட்டாதீர்கள். முதலில் விடைத்தாள் நகல் வாங்கி, அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர் யாரிடமாவது கொடுத்து, மதிப்பெண் பங்கீட்டு ஸ்கீம் வைத்து திருத்தித் தரச் சொல்லுங்கள். கணக்கில் படிகளுக்குத் தனி மார்க் உண்டு. கடைசி விடை தப்பு என்பதற்காகப் படிகளின் மார்க்கும் போயிருந்தால் அங்கே மூன்று நான்கு கிடைக்கும். கணிதம் 2இல் ஏழெட்டு ஏறுவது அரிது. ஏதாவது ஒரு முழுக் கேள்வியே திருத்தாமல் விடுபட்டிருந்தால் ஒழிய அந்தப் பணம் வீண். கன்னடம் ஓஎம்ஆர் தாள் (வட்டத்தைக் கருப்படித்து விடை குறிப்பது), அதில் மறுதிருத்தத்துக்கு வேலையே இல்லை. நகலுக்கும் ரீவேல்யூவேஷனுக்கும் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான். இன்றே ஆபீஸில் கேளுங்கள்.

அதோடு, ரீவேல்யூவேஷன் போட்டிருக்கிறோமே என்று அடுத்த பரீட்சைக்கு கணிதம் 1 ஃபார்ம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். அந்த ரிசல்ட் தாமதமாக வந்து ஏமாற்றினால் ஒரு முழு வாய்ப்பு போய்விடும்.

---

கேஆர்புரம்_லேப்மேட் எழுதியது:

கெமிஸ்ட்ரிக்கு நான் சொல்றேன் அக்கா. அது தியரியும் லேபும் சேர்ந்த பாடம், நாலு கிரெடிட். முதலாண்டுல இந்த மாதிரிப் பாடத்துக்கு 50 இன்டர்னல் ரெண்டா உடையும். தியரி 30, லேப் 20. தியரியில 12 வேணும், லேப்ல 8 வேணும், தனித்தனியா. உங்க தம்பி 24 எடுத்தும் எக்ஸ் வந்திருக்குன்னா தியரியில 18, லேப்ல 6 அப்படி ஏதாவது இருக்கும். கூட்டி 20 தாண்டிட்டா போதும்னு நினைச்சிருப்பான். மார்க் பிரிவைக் கேட்டுப் பாருங்க.

லேப் 20ல 15 வாராவாரம் எக்ஸ்பெரிமென்ட் செஞ்சு ரெக்கார்டு எழுதி கையெழுத்து வாங்குறதுக்கு. கடைசி டெஸ்ட்டுக்கு 5தான். அதனால லேப்ல விழுறவன் டெஸ்ட்டுல விழுறதில்லை, ரெக்கார்டுல விழுறான். ஈடிடிஏ வெச்சு தண்ணியோட கடினத்தன்மை பார்க்கிறது, கண்டக்டோமெட்ரி, கலரிமீட்டர் எல்லாம் பயலுக செஞ்சுடுவாங்க. ரீடிங்கை கசங்கின தாள்ல குறிச்சுட்டு, "அடுத்த வாரம் ஏத்திக்கலாம்"னு விட்டுடுவாங்க. நாலு வாரம் கையெழுத்து இல்லேன்னா கதை முடிஞ்சது.

இப்ப முக்கியமானது. எஃப் வேற, எக்ஸ் வேற. எஃப்னா இன்டர்னல் அப்படியே நிக்கும், பரீட்சை ஃபார்ம் கட்டி எக்ஸ்டர்னல் மட்டும் திரும்ப எழுதலாம். எக்ஸ்னா இன்டர்னலே இல்லைன்னு அர்த்தம். மறுபடி ரிஜிஸ்டர் பண்ணி, கிளாஸ், டெஸ்ட், லேப், ரெக்கார்டு எல்லாம் திரும்பச் செஞ்சு, அதுல தேறினாத்தான் எக்ஸ்டர்னல். அதனால நாலுல இதுதான் கனமானது. மார்க்கைப் பார்த்தா கணிதம் 2 தான் மோசமாத் தெரியும், ஏமாந்துடாதீங்க.

நல்ல விஷயம் ஒண்ணு இருக்கு. முதலாண்டுல பாதி செக்ஷன் பிசிக்ஸ் சைக்கிள், பாதி கெமிஸ்ட்ரி சைக்கிள், அடுத்த செமஸ்டர் மாத்திக்குவாங்க. அதனால கெமிஸ்ட்ரி ரெண்டு செமஸ்டர்லயும் ஓடும். ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம், இப்ப வர்ற ஜூனியர்களோடயே உட்கார்ந்துடலாம். எச்ஓடி (துறைத் தலைவர்) கிட்ட எழுத்துல ஒரு லெட்டர் கொடுத்து, எந்த செக்ஷன், எந்த லேப் பேட்ச்னு எழுதி வாங்கிக்கங்க. வாயால சொன்னா டைம்டேபிள் மோதும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

---

அல்சூர்_அக்கா எழுதியது:

மிக்க நன்றி. கெமிஸ்ட்ரி பிரிவைப் பார்க்கச் சொன்னேன். தியரி 18, லேப் 6 என்று அப்படியே வந்தது! அப்படியானால் மூன்று எஃப், ஒரு எக்ஸ். மூன்றாம் செமஸ்டர் போகலாமா கூடாதா? அவனுடைய சீனியர் ஒருவர் ஆறு பேக்லாக்கோடு (தேறாத பாடங்களோடு) மேலே போனாராம், அதனால் கவலைப்படாதே என்கிறாராம்.

---

பாதி_மார்க் எழுதியது:

சீனியர் சொல்வதை விட்டுவிடுங்கள். கொரோனா காலத்தில் கிடைத்த சலுகைகளை வைத்து இன்னும் பல பேர் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விதி இதுதான்:

ஒற்றைப்படை செமஸ்டரிலிருந்து அடுத்த இரட்டைப்படைக்குப் போக பேக்லாக் தடை இல்லை, வருகைப்பதிவு இருந்தால் போதும். வருடம் மாறும்போதுதான் வடிகட்டுவார்கள். இரண்டாம் வருடம் போக, முதல் இரண்டு செமஸ்டரில் தேறாதவை நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாம் வருடம் போக, முதல் நான்கு செமஸ்டரையும் சேர்த்து நான்குக்கு மேல் கூடாது. நான்காம் வருடம் போக, முதலாண்டு சுத்தமாக முடிந்திருக்க வேண்டும், இரண்டு மூன்றாம் வருடங்களில் நான்குக்கு மேல் கூடாது.

எக்ஸும் தேறாத பாடம்தான், எண்ணிக்கையில் சேரும். உங்கள் தம்பிக்குச் சரியாக நான்கு. விளிம்பில் நிற்கிறான், ஆனால் உள்ளே நிற்கிறான். மூன்றாம் செமஸ்டர் போகலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, எண்ணுவது பாடத்தை, கிரெடிட்டை அல்ல. ஒரு கிரெடிட் கன்னடமும் நான்கு கிரெடிட் கணிதமும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். அதனால் முதலில் கழற்ற வேண்டியது கன்னடம். 50 கேள்வி, ஒரு மணி நேரம், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அவனுக்கு இன்டர்னல் 31 இருக்கிறது, 18 கேள்வி சரியாக இருந்தால் முடிந்தது. பெங்களூரில் வளர்ந்த நம் பிள்ளைகள் ஆட்டோக்காரரிடம் சரளமாகக் கன்னடத்தில் பேரம் பேசுவார்கள், அந்தத் தைரியத்தில் புத்தகத்தைத் திறக்காமல் போவார்கள். தாளில் கேட்பது வேற்றுமை உருபும் வினைச்சொல் மாற்றமும். நம் இலக்கணத்தோடு ஒப்பிட்டு ஒரு வாரம் படித்தால் தானாக ஏறும்.

அடுத்த ஒரு வருடத்தைப் பாருங்கள். டிசம்பர்-ஜனவரி, ஜூன்-ஜூலை என்று இரண்டு பரீட்சைகள் வரும். முதல் பரீட்சையிலேயே கன்னடம், கணிதம் 1, மறுபடி இன்டர்னல் முடித்த கெமிஸ்ட்ரி மூன்றையும் தள்ளிவிட்டால் மீதி ஒன்று. நான்கையும் சுமந்துகொண்டு போனால் மூன்றாம், நான்காம் செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் போனாலும் எண்ணிக்கை ஐந்து. மூன்றாம் வருட வாசல் மூடிவிடும், அதைத்தான் இயர் பேக் என்கிறார்கள். மூன்றாம் செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டிஜிட்டல் டிசைன், இன்னொரு கணிதம் நான்கும் சேர்ந்து வரும், லேசானது அல்ல.

---

கேஆர்புரம்_லேப்மேட் எழுதியது:

ஒரு சேர்ப்பு. மூணாவது செமஸ்டர்ல இருந்து லேப் சேர்ந்த பாடங்களுக்குக் கணக்கு மாறும். தியரி 25, லேப் 25, ரெண்டுலயும் தனித்தனியா 10. ஆப்பரேட்டிங் சிஸ்டமும் டிஜிட்டல் டிசைனும் இந்த வகை. முதலாண்டு நினைப்புல லேப்ல 8 போதும்னு விட்டா மறுபடி எக்ஸ்.

டேட்டா ஸ்ட்ரக்சருக்கு லேப் தனிப் பாடம், அதுக்குத் தனி பரீட்சை உண்டு. எழுதிக் காட்டுறதுக்கு 20 சதவீதம், ஓட்டிக் காட்டுறதுக்கு 60, வைவாவுக்கு 20. சீட்டுல வந்த புரோகிராம் தெரியலேன்னா ஒரு தடவை மாத்திக்கலாம், ஆனா ஓட்டிக் காட்டுற மார்க்குல 15 சதவீதம் போயிடும். தெரியாததை வெச்சு ஒரு மணி நேரம் முழிக்கிறதை விட அது மேல்.

வருகைப்பதிவும் பார்த்துக்கங்க. ஒவ்வொரு பாடத்துக்கும் 85 சதவீதம். காய்ச்சல் கீய்ச்சல்னா பிரின்சிபல் பரிந்துரையில 75 வரைக்கும் தளர்த்த வழி இருக்கு, சர்டிஃபிகேட்டை அன்னன்னிக்கே கொடுத்துடணும். கெமிஸ்ட்ரிக்கு ஜூனியர் கிளாஸ் ஓடுறப்ப மூணாவது செமஸ்டர் கிளாஸ் ஏதாவது மோதுச்சுன்னா இங்கதான் அடி விழும்.

---

எண்_எறும்பு எழுதியது:

கணிதம் 1க்கு என் பங்கு. ரீவேல்யூவேஷன் கைகொடுக்காவிட்டால் டிசம்பரில் எழுதத்தான் வேண்டும், அதற்கு இலக்கு 39 அல்ல, 50 என்று வையுங்கள்.

தாளில் ஐந்து மாட்யூல் (பாடப் பகுதி), மாட்யூலுக்கு இரண்டு கேள்வி, ஒன்று எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 20 மார்க். நிறையப் பேர் செய்யும் தவறு: ஏழாம் கேள்வியில் ஏ பிரிவு தெரியும், எட்டாம் கேள்வியில் பி பிரிவு தெரியும் என்று இரண்டையும் எழுதிவிட்டு வருவது. ஒரு மாட்யூலில் ஒரு கேள்விதான் கணக்கு. மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழிந்துபோகும். 35, 36இல் நிற்கிற தாள்களில் இது நடந்திருக்க வாய்ப்பு அதிகம். நகல் வந்ததும் முதலில் இதைப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் பிரிவுக்கான கணிதம் 1இல் நான்காவது மாட்யூல் மாடுலர் அரித்மெட்டிக் (வகுத்தால் வரும் மீதிகளை வைத்த கணக்கு), ஐந்தாவது லீனியர் ஆல்ஜீப்ரா. போலார் கர்வ் வளைவுகளில் தடுமாறுகிற பையன் இந்த இரண்டிலிருந்து தொடங்குவது நல்லது. இங்கே சூத்திரம் குறைவு, படி அதிகம், படிக்கு மார்க். உதாரணத்துக்கு சைனீஸ் ரிமைண்டர் கணக்கு: 3ஆல் வகுத்தால் மீதி 2, 5ஆல் வகுத்தால் 3, 7ஆல் வகுத்தால் 2 வரும் எண் எது? மூன்றையும் பெருக்கினால் 105. அதை ஒவ்வொன்றாலும் வகுத்தால் 35, 21, 15. இனி ஒவ்வொன்றுக்கும் நேர்மாறு. 35ஐ 3ஆல் வகுத்தால் மீதி 2, அதை 2ஆல் பெருக்கினால் 4, மீதி 1. ஆக நேர்மாறு 2. 21க்கும் 15க்கும் மீதி ஏற்கனவே 1, நேர்மாறு 1. கடைசியில் 2×35×2 + 3×21×1 + 2×15×1 = 140 + 63 + 30 = 233. இரண்டு முறை 105ஐக் கழித்தால் 23. சரிபாருங்கள், மூன்று மீதியும் வரும். பையன்கள் விழும் இடம் அந்த நேர்மாறுதான், அதை விட்டுவிட்டு நேரே பெருக்கிக் கூட்டிவிடுவார்கள். ஆர்எஸ்ஏ, ஃபெர்மா தேற்றம் எல்லாம் இதே மாட்யூலில்தான். பின்னால் கிரிப்டோகிராபியில் திரும்ப வரும் சரக்கு, படித்தது வீண்போகாது.

ஐந்தாவது மாட்யூலில் காஸ்-சைடல் வரும், சமன்பாடுகளின் விடையைப் படிப்படியாக நெருங்கும் முறை. சமன்பாடுகளை வரிசை மாற்றி, மூலைவிட்டத்தில் பெரிய எண் வரும்படி அமைத்த பிறகே தொடங்க வேண்டும். கேள்வியில் வேண்டுமென்றே கலைத்துக் கொடுத்திருப்பார்கள். மாற்றாமல் தொடங்கினால் விடை நெருங்கி வராமல் ஓடிக்கொண்டே இருக்கும், பையன் கால்குலேட்டரைச் சந்தேகப்படுவான்.

இந்த இரண்டு மாட்யூலில் 40க்கு 32, மூன்றாவது மாட்யூல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனில் 12. 44 ஆகிவிட்டது. முதல் இரண்டு மாட்யூலில் தெரிந்த பிரிவுகளை மட்டும் எழுதினால் 50 தொட்டுவிடலாம்.

கணிதம் 2க்கும் இதே மாதிரி பின்னாலிருந்து வாருங்கள். கடைசி இரண்டு மாட்யூலும் நியூமெரிக்கல் மெத்தட்ஸ். நியூட்டன்-ராப்சன், சிம்ப்சன், ரங்கே-குட்டா, மில்ன். கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிகிரியில் வைத்து சைன் போட்டால் எல்லாப் படியும் சரி, எல்லா எண்ணும் தப்பு.

---

அரியர்_கணக்கன் எழுதியது:

பிசிஏ பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். முதலாண்டு இரண்டு செமஸ்டருக்கும் 20, 20 என்று 40 கிரெடிட். போனவை 4+1+4+4, மொத்தம் 13. தேறிய 27 கிரெடிட்டில் சராசரி 7 கிரேடு பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால் 189. எஃப்புக்கு பாயிண்ட் பூஜ்யம், ஆனால் வகுக்கும் இடத்தில் அதன் கிரெடிட் நிற்கும். 189ஐ 40ஆல் வகுத்தால் 4.7. இதைப் பார்த்துத்தான் வீடே பயப்படுகிறது. அந்த 13ஐயும் வெறும் 40 மார்க் எடுத்து பாஸ் கிரேடான P-யில் (4 பாயிண்ட்) முடித்தாலே 52 சேரும், 241ஐ 40ஆல் வகுத்தால் 6.02. பல கம்பெனிகள் கேட்கும் 6ஐ முதலாண்டே தொட்டுவிடும், மீதி மூன்று வருடம் ஏற்றுவதற்கு இருக்கிறது.

பிசிஏ நல்ல படிப்புதான், ஆனால் அங்கே போனால் கையில் இருக்கும் 27 கிரெடிட்டும் ஒரு வருடமும் கழிந்து புதிதாகத் தொடங்குவது போலத்தான் ஆகும். இரண்டாம் வருட முடிவில் ஐந்தாறு பேக்லாக் நின்றால் அப்போது அந்தப் பேச்சை எடுக்கலாம். நான்கு வருடப் படிப்பை முடிக்க எட்டு வருடம் வரை உச்சவரம்பு உண்டு, யாரும் நாளைக்கே வெளியே அனுப்பப் போவதில்லை. கம்பெனிகள் கேட்பது பெரும்பாலும் "இப்போது நிலுவையில் பேக்லாக் இருக்கிறதா" என்பதைத்தான். ஆறாவது செமஸ்டர் முடிவதற்குள் சுத்தமாகிவிட்டால் வாசலில் நிறுத்த மாட்டார்கள்.

இதோடு ஒரு சில்லறை வேலை: பட்டம் வாங்க 100 ஆக்டிவிட்டி பாயிண்ட் (பாடத்துக்கு வெளியே செய்யும் சமூகப் பணிகளுக்கான புள்ளி) வேண்டும். மார்க்கில் சேராது, ஆனால் அது இல்லாமல் பட்டம் கைக்கு வராது. கடைசி வருடம் அலையாமல் விடுமுறைகளில் சேர்த்துக்கொள்ளட்டும்.

---

அல்சூர்_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நகலுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. எச்ஓடிக்கு லெட்டரும் எழுதிவிட்டான். அப்பாவிடம் 6.02 கணக்கைக் காட்டினேன், "சரி, ஜனவரி வரை பார்ப்போம்" என்றார். கடைசியாக ஒன்று: கன்னடத் தாளில் தெரியாத கேள்வியை விட்டுவிட வேண்டுமா, ஊகித்து எழுதலாமா? தம்பி போன தடவை 11 கேள்வியை விட்டுவிட்டு வந்தானாம்.

---

பாதி_மார்க் எழுதியது:

நெகட்டிவ் மார்க் கிடையாது. 50ஐயும் கருப்படிக்கச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று என்று குருட்டாம்போக்கில் அடித்திருந்தாலே அந்த 11இல் இரண்டு மூன்று விழுந்திருக்கும். 16, 18 ஆகியிருக்கும்.